கன்னியாக் கிணற்றடியில் ஒரு நகல் நானோ

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் சூடு ஒன்றல்ல என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பஸ் புரொஜெக்டுக்கு அதையே அளக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்து நகல் ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்னச் சர்க்கியூட் போர்ட்) இரண்டும், தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சர் ஒன்றும் ஒன்லைனில் எடுத்தோம். போர்ட்டுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

குறைத்த அந்த ஒன்று, கூடவே வந்த கேபிளுக்கு. முழு மத்தியானமும், கணினி போர்ட்டோடு பேசத் தேவையான சிஎச்340 டிரைவரைப் போட்டும் கழற்றியும் பார்த்தோம். கடைசியில்தான் தெரிந்தது, அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். வேறு மினி யூஎஸ்பி கேபிள் செருகியதும் கணினி போர்ட்டைக் கண்டுகொண்டது. ஆனாலும் புரோகிராம் ஏறவில்லை. ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் ‘பழைய பூட்லோடர்’ (போர்ட்டில் புரோகிராமை ஏற்றிவிடும் சின்ன நிரல்) என்று மாற்றிய பிறகே ஏறியது.

மற்றபடி போர்ட்டைத் திட்டியதெல்லாம் எங்கள் பிழைதான். முதல் கிணற்றில் சென்சரை இறக்கியதும் 85 பாகை காட்டியது. அந்தச் சூட்டில் பக்கத்தில் ஒரு அம்மா பேரனுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார்! மின்சாரம் வந்ததும் சென்சரில் இருக்கும் ஆரம்ப மதிப்பு அது. அளந்து முடிக்க முக்கால் விநாடி வேண்டும், நாங்கள் பொறுக்காமல் வாசித்துவிட்டோம். அடுத்த கிணற்றில் -127. அது வயர் விட்டுப்போனதற்கு சென்சரை வாசிக்கும் லைப்ரரி (ஆயத்த நிரல்) தரும் எண். ஒழுங்காக ஈயம் வைக்காத எங்கள் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் காரணம்.

நன்றாகப் படுத்தியது, அளவைக் காட்ட மாட்டிய ஓலெட் திரை. நானோவின் ராம் (ஓடும்போது பாவிக்கும் நினைவகம்) 2 கிலோபைட்தான். 128×64 புள்ளித் திரைக்கு அதில் சரிபாதி, 1024 பைட், போய்விடும். திரையின் லைப்ரரி அந்த இடத்தை ஓடும்போதுதான் கேட்கும். அதனால் கம்பைல் செய்யும்போது ‘நிறைய மிச்சம் இருக்கிறது’ என்றே காட்டும். திரை மட்டும் இருட்டு. நண்பன் எழுதியிருந்த நீள நீளமான தமிங்கில வசனங்களை ‘எஃப் மேக்ரோ’ என்ற கட்டளைக்குள் போட்டு, புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குத் தள்ளியதும் வெளிச்சம் வந்தது.

அப்புறம், புளூடூத் மொடியூலை, புரோகிராம் ஏறும் வழியான 0, 1 பின்களில் மாட்டினால் ஒவ்வொரு தடவையும் கழற்றித்தான் புரோகிராம் ஏற்ற வேண்டும். எந்தப் பின்னில் என்ன என்று ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். நாங்கள் ஒட்டியது, இரண்டு பேர் இரண்டு சாமானுக்கு 2ஆம் பின்னையே பிடித்துச் சண்டை போட்ட பிறகு.

வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். எங்களுடைய ஒன்று கிணற்றுக்குள் விழுந்தது.