குழுவில் ஒரு வாழ்த்தா, ஆளுக்கொரு வாழ்த்தா?

சித்திரைப் புத்தாண்டு கொழும்பில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே கொண்டாடும் பண்டிகை. அன்று காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாழ்த்தைப் போடுவது சுலபம். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். எல்லோருக்கும் ஒரேயடியாகப் போய்விடும். யாரையாவது விட்டுவிட்டோமோ என்ற கவலை இல்லை. வெள்ளவத்தையில் இருப்பவரும் டொரொன்டோவில் இருப்பவரும் ஒரே இடத்தில் பதில் போடும் கலகலப்பு எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

ஆனால் பத்து மணிக்குள் நிறைகுடம், குத்துவிளக்குப் படங்கள் குவிந்துவிடும். நாம் எழுதியது எங்கோ மேலே போய்விடும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் பண்டிகை இல்லை. அவர்களுக்கும் அதே பளபளப்பான படம்தான் போகிறது.

தனியாக அனுப்பினால் ஆளறிந்து எழுதலாம். “அக்கா, புத்தாண்டு வாழ்த்துகள். அம்மாவின் கால்வலி இப்போது எப்படி?” இவ்வளவே போதும். வயதானவர்களுக்கு தொலைபேசியில் கோல் எடுப்பதே மேல். புண்ணிய காலம் எத்தனை மணிக்கு, கைவிசேஷம் (பெரியவர்கள் கையில் தரும் புத்தாண்டுக் காசு) எப்போது என்று பேச்சு தானாக நீளும். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கு “சுப அலுத் அவுருத்தக் வேவா” என்று வாசலில் நின்று சொல்வதும் இந்த வகைதான்.

நேரம் பிடிக்கும், சரி. அதனால் நான் சொல்வது: நண்பர் கூட்டத்துக்குக் குழு போதும். பெரியவர்கள், படிப்பித்த ஆசிரியர்கள், தனியாக இருப்பவர்கள், இவர்களுக்குக் கட்டாயம் கோல். துக்க வீட்டுக்கு வாழ்த்து வேண்டாம், சுகம் விசாரித்தால் போதும்.