ஹெமிங்வேயா, ஸ்டைன்பெக்கா? ஓராண்டு வாசிப்புக்குப் பிறகு

ஒரு வருடம் முழுக்க ஒரே அமெரிக்க நாவலாசிரியரைப் படிப்பது என்று சென்ற ஆண்டு முடிவெடுத்தேன். பட்டியல் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் எர்னஸ்ட் ஹெமிங்வேயும் ஜான் ஸ்டைன்பெக்கும் மிஞ்சினார்கள். ஒருவர் 1899இல் பிறந்தவர், மற்றவர் 1902இல். இருவருக்கும் புலிட்சர், இருவருக்கும் நோபல். நான் ஸ்டைன்பெக்கை எடுத்தேன். இப்போது கேட்டாலும் அவரையே சொல்வேன்.

ஹெமிங்வேயின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்லாமல் விட்டே சொல்லிவிடுவார். 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்' கதையில் ரயிலுக்காகக் காத்திருக்கும் இருவர் கருக்கலைப்பு என்ற சொல்லை உச்சரிப்பதே இல்லை. பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். சிறுகதையில் ஸ்டைன்பெக் அவருக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். நேரம் இல்லாதவர்களுக்கும் ஹெமிங்வேதான் தோது. 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ'யை ஒரே மாலையில் முடித்துவிடலாம். 1952இல் லைஃப் பத்திரிகை முழுக் கதையையும் ஒரே இதழில் வெளியிட்டது.

சரி, அப்புறம் ஏன் ஸ்டைன்பெக்? மறுவாசிப்புதான் காரணம். ஒரு வருடத்தை ஒருவருக்குக் கொடுக்கிறோம் என்றால், இரண்டாம் முறை திறக்கும்போதும் அந்தப் புத்தகத்தில் புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும். ஹெமிங்வேயிடம் மறைந்திருந்ததை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால், அடுத்த முறை எனக்கு அந்த வாக்கியங்களின் அழகுதான் மிஞ்சியது. அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' இரண்டாம் முறை வேறு நாவலாகவே ஆகிவிட்டது.

முதல் முறை ஜோட் குடும்பத்தின் பின்னாலேயே ஓடினேன். ஓக்லஹோமாவில் நிலம் போய், பழைய வண்டியில் சாமான்களை ஏற்றி, 66ஆம் எண் சாலையில் கலிஃபோர்னியாவுக்குப் போகிறார்கள். 30 அத்தியாயங்களில் ஏறக்குறைய பாதியில் அந்தக் குடும்பமே வராது. அவற்றை அவசரமாகப் புரட்டிவிட்டேன். மறுமுறை அவைதான் என்னைப் பிடித்து நிறுத்தின. ஓரிடத்தில் குத்தகைக்காரரின் வீட்டை இடிக்க டிராக்டரில் வருபவன் தெரிந்தவர் வீட்டுப் பையன். நாளுக்கு 3 டாலர் கூலி, வீட்டில் பிள்ளைகள். யாரைச் சுட வேண்டும் என்று குத்தகைக்காரர் கேட்கிறார். என்னையல்ல, எனக்கு மேலே வங்கி. வங்கிக்கும் கிழக்கிலிருந்து உத்தரவு என்கிறான் அவன். அந்தக் கோபம் போய் விழுவதற்கு ஒரு முகம்கூட இல்லை. இன்னோர் இடத்தில், பசித்தவர்கள் எடுத்துவிடக் கூடாது என்று ஆரஞ்சுக் குவியலின் மேல் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள். இதைப் படித்த அன்று மேலே போக முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

மறுவாசிப்பிலும் தாங்கி நிற்கும் இந்தச் சக்தி, பிழைப்பு தேடி இப்படி இடம்பெயர்ந்த மக்களோடு அவர் கழித்த நாட்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 1936இல் சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ் நாளிதழுக்காக அவர்கள் தங்கியிருந்த முகாம்களைச் சுற்றி ஏழு கட்டுரைகள் எழுதினார். ஆர்வின் அரசு முகாமின் மேலாளர் டாம் காலின்ஸ், அங்கிருந்தவர்களின் பேச்சையும் சாப்பாட்டையும் விவரமாகக் குறித்து வைத்திருந்த அறிக்கைகளைக் கொடுத்தார். நாவலின் சமர்ப்பணத்தில் அவரும் உண்டு. சொந்த ஊரான சாலினாஸின் முதலாளிகளைக் கிண்டலடித்து எழுதிய ஒரு முழுக் கைப்பிரதியை 1938 மே மாதம் ஸ்டைன்பெக் தானே அழித்தார். பிறகு ஐந்தே மாதத்தில் இந்த நாவலைக் கையால் எழுதி முடித்தார். தட்டச்சு செய்ததும் தலைப்பு சொன்னதும் மனைவி கேரல். நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் பிறரையும் ஏமாற்றி வந்திருக்கிறேன் என்று அந்த மாதங்களின் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

குறையும் உண்டு. அந்த வயல்களில் பல காலமாக உழைத்த மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் நாவலில் பெயரளவுக்குத்தான் வருகிறார்கள். அதே முகாம்களில் வேலை செய்த சனோரா பாப் எழுதிய நாவல், இந்தப் புத்தகம் வந்துவிட்டதால் பதிப்பகத்தால் கைவிடப்பட்டு 2004இல்தான் அச்சேறியது. ஸ்டைன்பெக்கைப் படிப்பவர்கள் அதையும் சேர்த்துப் படிப்பதுதான் நியாயம். 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலின் கேத்தி வெறும் தீமையாகவே நிற்பது எனக்கு ஒட்டவில்லை. ஹெமிங்வேயின் காளைச் சண்டை நூலைப் பாதியில் விட்டேன்; ஸ்டைன்பெக்கின் வியட்நாம் கட்டுரைகளையும் முழுதாகப் படிக்கவில்லை. இரண்டையும் என் கணக்கில் சேர்க்கவில்லை.

கதை போய்ச் சேரும் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), 1939 ஆகஸ்டில் தன் நூலகங்களிலும் பள்ளிகளிலும் இந்த நாவலைத் தடை செய்தது. அங்கே நூலகராக இருந்த கிரெட்சன் நீஃப் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1941இல் தடை நீங்கியது. ஸ்டைன்பெக்கைத் திட்டித் தீர்த்த சாலினாஸில் இன்று நகர நூலகத்துக்கே அவர் பெயர்.

தொடங்குபவர்கள் நூறு பக்கச் சொச்சமே உள்ள 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' படித்துவிட்டுப் பெரிய நாவலுக்குப் போகலாம். குடும்பம் வராத அத்தியாயங்களை மட்டும், என்னைப் போலத் தாண்டிவிடாதீர்கள்.