சன்ரூஃப் கண்ணாடி உடைந்ததா? சிலிக்கான் டியூபோடு வருபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) உள்ள கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது. ஒரு கண்ணாடிக் கடையை நம்பி எனக்குப் பணமும் போனது, வண்டியின் வயரிங்கும் கெட்டது. எழுபது வயதைத் தாண்டிய அம்மாவும் என் மகளும் பாம்பன் பாலத்தின் நடுவில் தலையோடு நனைந்தார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நடந்த முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே முறையில் இன்னொருவரையும் ஏமாற்ற முடியும்.

2024 ஆவணியில் சாயல்குடிப் பக்கம் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். வெயில் கடுமையாக இருந்ததால் பனைமர நிழலில் வண்டியை நிறுத்தினேன். பனம்பழம் உதிரும் காலம் அது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சன்ரூஃப் கண்ணாடி முழுவதும் கல்கண்டு போல நொறுங்கி சீட்டெல்லாம் கொட்டிக் கிடந்தது. பழம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லாதது தெய்வாதீனம்.

மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு 38,000 ரூபாய் ஆகும், கண்ணாடி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை மேலே பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக் கச்சான் காற்று எந்த டேப்பையும் ஒரு நாளில் பிய்த்துவிடும். அப்போதுதான் ஒரு நண்பர் அந்தக் கடையைச் சொன்னார். போன் செய்தேன். “ஒரிஜினல் பீஸே இருக்கு சார், 17,000 கொடுங்க, ரெண்டு மணி நேரத்துல வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம்” என்றார். இன்சூரன்ஸில் கிளைம் செய்யலாமா என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “சன்ரூஃப்லாம் இன்சூரன்ஸ்ல வராது சார். அலைஞ்சு நாள்தான் போகும்.”

இது பச்சைப் பொய். எனக்கு இதைத் தெரிந்துகொள்ள நான்கு மாதம் ஆனது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. ஆனால் சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்த முழு பாலிசி இருந்தால் சன்ரூஃப் கண்ணாடியும் அதில் அடங்கும். அதைவிட முக்கியம், நம் நாட்டு வழக்கமான கார் பாலிசியில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானமே கழிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள், கண்ணாடிக்கு இல்லை. 1500 சி.சி. வரையுள்ள கார் என்றால் கட்டாயப் பிடித்தமாக 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகுமே என்று யோசிக்க வேண்டும், அது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை. வேலை முடிந்த பிறகு கிளைம் கேட்டபோது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன்பே பழுது பார்த்துவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உடைந்த கண்ணாடியை யாரும் தொடுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான் முதல் போன் போக வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம் என்றவர் மாலை வரை வைத்திருந்தார். கண்ணாடி வந்த பெட்டியைக் காட்டுங்கள் என்றேன். பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்கள் மூன்று இருந்தன. ஒன்று, கண்ணாடியின் மூலையில் எந்த முத்திரையும் இல்லை. வண்டிக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியில் தயாரிப்பாளர் பெயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அழியாதபடி பொறித்திருக்கும். அதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி. உங்கள் வண்டியின் கதவுக் கண்ணாடியை இப்போதே போய்ப் பாருங்கள், மூலையில் தெரியும். இரண்டாவது, புதுக் கண்ணாடியின் வலது ஓரம் கூரையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தடவினாலே தட்டியது. மூன்றாவது வாசனை. வண்டிக்குள் புளித்த காடி நெடி அடித்தது. சுற்றிலும் கண்ணாடித் தொட்டிக்குப் போடுகிற சிலிக்கானை அப்பியிருந்தார்கள். அந்த நெடி வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயின்ட் போன இடத்தில் அது தகட்டை அரிக்கும். உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு அது எவ்வளவு கெடுதல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“ஒரு மாசத்துக்குத் திறக்காதீங்க சார், செட் ஆகட்டும்” என்று சொல்லி அனுப்பினார். நான் திறக்கவில்லை. பில் கேட்டேன், ஜி.எஸ்.டி. போட்டால் கூடுதலாகும் என்றார். ஜிபேயில் 17,000 அனுப்பிவிட்டு வந்தேன்.

ராமநாதபுரம் தாண்டி வேகம் எடுத்ததும் தலைக்கு மேல் விசில் சத்தம். அது ஒரு மாதிரி பழகிவிட்டது. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்தபோது ஓட்டுநர் பக்கத் தூணை ஒட்டிய கூரை லைனிங்கில் டீ சிந்தியது போல ஒரு கறை. மறுநாளே கடைக்குப் போனேன். அவர் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. பையனைக் கூப்பிட்டு இன்னொரு டியூப் சிலிக்கானைச் சுற்றிலும் இழுக்கச் சொன்னார். 1,500 ரூபாய் வாங்கினார். “இனிமே கடலுக்குள்ள இறக்குனாலும் உள்ள வராது” என்றார்.

2024 நவம்பர் 20 ராமேஸ்வரம் தீவில் இருந்தவர்களுக்கு மறக்காது. ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அம்மாவை அழைத்துவரத் தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வண்டி வாசலில் வெட்டவெளியில் நின்றது. மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினோம். உள்ளே ஏறியபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, மேட் லேசாக ஈரம், அவ்வளவுதான். அம்மா முன்சீட்டில், மகள் அவர் மடியைப் பிடித்தபடி பின்னாலிருந்து எட்டிக்கொண்டு. பாம்பன் பாலத்தில் முன்னால் போன வேன் நின்றதும் பிரேக்கை அழுத்தினேன். நடுக்கூரையில் விளக்கு இருக்கும் இடத்திலிருந்து குடத்தைக் கவிழ்த்தது போலத் தண்ணீர் கொட்டியது. அழுக்குத் தண்ணீர். விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. மகள் அலறிவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையை எடுத்து அவளுக்குத் துடைத்துவிட்டார். இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான பாலம் அது, அந்தக் காற்றில் நடுவில் ஓரங்கட்டவும் முடியாது. மண்டபம் வரும்வரை ஒவ்வொரு பிரேக்குக்கும் கொட்டியது. அம்மாவுக்கு அப்புறம் பத்து நாள் சளியும் காய்ச்சலும். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கடைக்குப் போன் செய்தால், “அந்த மழைக்கு எந்த வண்டியும் ஒழுகத்தான் சார் செய்யும், அது உங்க கம்பெனி கோளாறு” என்றார். அதன் பிறகு என் போனை எடுப்பதே இல்லை.

ராமநாதபுரத்தில் கார் வயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணன்தான் எனக்கு இந்த விஷயத்தையே புரியவைத்தார். இத்தனை வருஷம் சன்ரூஃப் வைத்திருந்தும் நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தண்ணீரை முழுதாக நிறுத்தும் என்று நினைத்திருந்தேன். அது பெரும்பகுதியைத்தான் நிறுத்தும். மிச்சத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைப் பிடிக்க கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. என் வண்டியில் அதன் நான்கு மூலையிலும் ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு டியூப். முன்பக்கத்து இரண்டும் முன் கண்ணாடித் தூண்களுக்குள் இறங்கிக் கதவுக் கீல் பக்கம் வெளியே விடும். பின்பக்கத்து இரண்டும் பின்தூண் வழியாகப் பின் சக்கரத்துப் பக்கம் இறங்கும். “தண்ணி உள்ள வர்றது தப்பில்ல தம்பி. வெளிய போக வழியில்லாமப் போனதுதான் தப்பு” என்றார்.

அவர் சிலிக்கானைப் பிளேடால் அறுத்துக் கண்ணாடியைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். வலது முன் மூலையில் ஓட்டையே தெரியவில்லை. பழைய கண்ணாடியின் கல்கண்டுத் துண்டுகளும், தனுஷ்கோடி போய் வந்த மணலும் சேர்ந்து அடைத்திருந்தன. அதற்கு மேல் சிலிக்கானைப் பூசி மெழுகியிருந்தார்கள். கண்ணாடி மாற்றும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை வாய்க்காலையும் கண்ணாடி நகரும் தண்டவாளத்தையும் வேக்குவம் போட்டுத் துண்டு இல்லாமல் எடுப்பது. அதைச் செய்யவே இல்லை. இடது பக்கமும் பாதி அடைப்பு. வழிந்த தண்ணீர் போக வேறு இடமில்லாமல் லைனிங்குக்கு மேல் குளம் கட்டி நின்றிருக்கிறது.

டியூபைச் சுத்தம் செய்ய அவர் எடுத்தது நம் ஊர்த் தங்கூசி நரம்பு. தூண்டிலுக்குக் கட்டுவோமே, அதில் கொஞ்சம் தடித்த ரகம். முனையைத் தீயில் காட்டி உருட்டிவிட்டு, மெதுவாகத் திருகித் திருகி உள்ளே விட்டார். கம்பி விட்டால் டியூப் கிழிந்துவிடும். பஞ்சர் கடைக் காற்றை அப்படியே அழுத்தமாக அடித்தால் டியூப் உள்ளுக்குள் மூட்டிலிருந்து கழன்று, தூணுக்குள்ளேயே தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் லைனிங் முழுவதையும் இறக்கினால்தான் மாட்ட முடியும். சுத்தம் செய்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை அந்த மூலையில் மெல்ல ஊற்றி, கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். கதவுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக வந்து, அப்புறம் நூல் போல ஒழுகியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

ஆனால் அதற்குள் சேதம் நடந்திருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு குளம்போல. மேலே தொட்டால் லேசான ஈரம்தான், அழுத்தினால் தண்ணீர் பொங்குகிறது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தது. அவற்றில் மஞ்சள் நிறத்தில் இருப்பது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பேட்டரியைக் கழற்றாமல் அதைத் தொடவே கூடாது என்று அண்ணன் எச்சரித்தார். சீட்டுகளை இறக்கி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, வெயில் இல்லாத அந்த வாரத்தில் வீட்டுக் கூடத்தில் ஃபேன் போட்டு ஐந்து நாள் காய வைத்தோம். பூஞ்சை வாடை முழுதாகப் போக மார்கழி ஆகிவிட்டது. கனெக்டர், விளக்கு, லைனிங், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 14,000. கடைசியில் கம்பெனிக் கண்ணாடியையே வரவழைத்தேன். கண்ணாடியும் ரப்பரும் அடிச் சட்டமும் ஒரே பாகமாக வந்தது. என்னிடம் ஒரிஜினல் என்று சொன்ன பீஸில் பழைய சட்டத்தில் வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தது. புதியதைக் கூரையோடு மட்டமாக நிறுத்த அண்ணன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். முன் ஓரம் கூரைக்கு ஒரு மயிரிழை தாழ்வாக, பின் ஓரம் ஒரு மயிரிழை உயர்வாக. அப்போதுதான் காற்று விசிலடிக்காது, தண்ணீரும் எதிர்த்து ஏறாது என்றார். பிறகு மோட்டாருக்குத் திறக்கும் மூடும் அளவைத் திரும்பப் பதியவைத்தார். கை சிக்கினால் நின்று திரும்பும் வசதி அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தது. முந்தைய கடையில் சிலிக்கானால் ஒட்டி மூடியிருந்ததால் இதெல்லாம் பேச்சுக்கே வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். கடைக்காரர் எதற்கும் பதில் சொல்லவில்லை. அப்புறம் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பில் இல்லாதது என் பக்கத்துப் பலவீனம். என்னிடம் இருப்பது ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் “ஒரிஜினல்” என்று அனுப்பிய குரல் பதிவு, அடைத்திருந்த மூலையை அண்ணன் எடுத்துக் காட்டிய போட்டோக்கள், அந்தக் கல்கண்டுத் துண்டுகளை அள்ளி வைத்த ஒரு டப்பா. நோட்டீஸ் போன பிறகு ஒருநாள் அவரே போன் செய்து, 5,000 தருகிறேன், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார். நான் சம்மதிக்கவில்லை.

இந்தக் கடற்கரைப் பக்கத்தில் உங்களில் யாருக்காவது இதேபோலச் சிலிக்கான் அப்பி அனுப்பியிருந்தால், இன்றைக்கே ஒரு டம்ளர் தண்ணீரை நான்கு மூலையிலும் ஊற்றிப் பாருங்கள். கீழே சொட்டவில்லை என்றால் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு சிலிக்கானைக் கழற்றச் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.