கல்சியத்தைக் காண எந்தச் சாயம்: பியூரா-2 அல்லது புளுவோ-4?

இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் தோணி விளக்குகள் தெரியும். ஒன்று மட்டும் பளிச்சென்று எரிந்தால், அது கிட்ட நிற்கிறதா, விளக்கே பெரிதா என்று பாலத்திலிருந்து சொல்ல முடியாது. புளுவோ-4 சாயத்தோடு எனக்குள்ள வழக்கும் இதுதான்.

உயிருள்ள கலத்துக்குள் கல்சியம் ஏறினால் இந்தச் சாயம் 488 நனோமீற்றர் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். பச்சை ஒளிர்வுக்கான சாதாரண வடிகட்டியுள்ள நுணுக்குக்காட்டியே போதும். அதனால் இங்கே மட்டக்களப்பில் இளமாணி ஆய்வுக்கு எது நல்லது என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு கலம் மற்றதைவிடப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அங்கே கல்சியம்தான் அதிகமா, கலம் தடிப்பா, சாயம் கூடுதலாகப் புகுந்துவிட்டதா? படம் வாய் திறக்காது. ஒரே கலத்தில் ஏறி இறங்குவதை நம்பலாம். இரண்டு கலங்களை ஒப்பிட்டு எண் எழுதினால் நான் நம்பமாட்டேன்.

இரசாயனவியலாளர் ரொஜர் சியென் குழுவினர் 1985இல் வெளியிட்ட பியூரா-2 அந்த வழக்கைத் தீர்க்கிறது. 340, 380 நனோமீற்றர் ஒளிகளால் மாறி மாறித் தூண்டி, இரண்டு தடவையும் 510 அருகே வரும் ஒளியை அளக்கிறோம். கல்சியம் சேரச் சேர முதலாவது கூடும், மற்றது குறையும். ஒன்றை மற்றதால் வகுத்தால் தடிப்பும் சாயத்தின் அளவும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகும். ஆனால் 340 ஒளியைச் சாதாரணக் கண்ணாடி வில்லை விழுங்கிவிடும். புறஊதாவைக் கடத்தும் வில்லை தேவை, அது விலை கூடியது. அந்த ஒளி கலத்தையும் வாட்டும்.

2001இல் வந்த ஜீகாம்ப் சாயமல்ல; கல்சியம் சேர்ந்தால் ஒளிரும், கலமே தனக்குள் செய்துகொள்ளும் புரதம். பல நாள் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. மரபணுவைக் கலத்துக்குள் செலுத்த வசதியில்லாத இடத்தில் அது பேச்சோடு சரி.

எந்தச் சாயத்தை வாங்கினாலும் ஈரம்தான் எதிரி. கலத்துக்குள் நுழைவதற்காக எசுத்தர் என்ற சேர்வையாக மாற்றி வரும் வடிவம் தண்ணீர் பட்டால் கலத்துக்கு வெளியிலேயே உடைந்துவிடும்; பிறகு உள்ளே போகாது. ஒரு மாரியில், உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அவசரத்தில் உடனே திறந்தேன். மூடியின் உட்புறம் வியர்த்தது. அடுத்த கிழமை கலங்களெல்லாம் இருட்டு. இப்போது குப்பி அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியில் கை வைப்பதில்லை.