‘மூணு மணி நேரக் குயில்ட்’ கிட்: வாங்கலாமா, எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வை. அதை வீட்டில் தைக்க ஆன்லைனில் வரும் இந்தப் பெட்டிக்குள் 2½ அங்குல அகலம், 44 அங்குல நீளத்தில் வெட்டிய 40 காட்டன் பட்டைகள், ஓரம் கட்ட 6 பட்டைகள், ஒரு பாலியெஸ்டர் பஞ்சு ஷீட், ஒரு செய்முறைத் தாள் இருக்கும். அடித்துணியும் நூலும் கிடையாது. அட்டையில் பெரிய எழுத்தில் ‘3 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த மூன்று மணி நேரம் மேல்துணிக்கு மட்டும்தான். தைக்கப் பழகியவருக்கு முழுப் போர்வையும் முடிய 10 மணி நேரம் ஆகும், புதிதாகத் தைப்பவருக்கு 14, 15 ஆகும். மிதி மிஷின் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கல்யாணத்துக்கோ குழந்தை பிறந்த வீட்டுக்கோ கொடுப்பதற்காக வாங்குபவர்கள், ‘நாளைக்குத்தானே’ என்று முந்தின நாள் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

துணி நன்றாகவே இருக்கிறது. நெசவு நெருக்கம், வெட்டும் நேர். பட்டையின் இரண்டு ஓரமும் பல் பல்லாக வெட்டியிருப்பதால் 2½ அங்குலம் என்பது பல்லின் நுனியிலிருந்து நுனிக்கா, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கா என்று முதலில் அளந்து பாருங்கள். இந்தக் கிட்டில் நுனிக்கு நுனி. மிஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாமல், ஊசியிலிருந்து ¼ அங்குலத்தில் தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி, பல் நுனியை அதன் மேல் ஓட விடுங்கள். தையல் வெறும் 1/16 அங்குலம் கூடினாலும் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து 1/8 போய்விடும். 31 தையல் இருப்பதால் போர்வை கிட்டத்தட்ட 4 அங்குலம் சுருங்கி வரும். பட்டைகளைத் தைக்கும் முன் நனைக்கக் கூடாது. நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சாயம் போகுமா என்று பார்க்க, கருஞ்சிவப்புப் பட்டையின் நுனியை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் போதும்.

மேல்துணி வேலை சுலபம். 40 பட்டையையும் நுனியோடு நுனி சாய்வாக இணைத்தால் 1600 அங்குலத்துக்கு மேல் ஒரே நாடா கிடைக்கும். அதன் ஒரு முனையில் 18 அங்குலத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அப்போதுதான் இணைப்புகள் ஒரே ஓரத்தில் குவியாது. பிறகு இரண்டாக மடித்து நீளவாக்கில் தைத்து, மடிப்பை வெட்டி, மறுபடி மடித்து என்று ஐந்து சுற்று. 800, 400, 200, 100, 50 அங்குலம், ஆக 1550 அங்குலத் தையல். முடிவில் 50க்கு 64 அங்குலம். இதில் கெடுவது ஒரே இடம்தான்: முதல் சுற்றில் நாடா முறுக்கிக்கொள்ளும். மடிப்பு வர இரண்டு முழம் இருக்கும்போதே நிறுத்தி, முறுக்கை எடுத்துவிட்டுத் தையுங்கள். நாலைந்து பாபினில் முன்கூட்டியே நூல் சுற்றி வைத்துக்கொண்டால், இஸ்திரியோடு சேர்த்து மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

செய்முறைத் தாளும் இங்கேதான் முடிகிறது. அடுத்து ‘உங்கள் விருப்பப்படி குயில்ட் செய்து ஓரம் கட்டவும்’ என்று ஒரே ஒரு வரி. பாதிக்கு மேற்பட்ட வேலை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. இந்தக் கிட்டின் பெரிய குறை இதுதான், புதியவர்கள் மேல்துணியை மடித்து பீரோவில் வைத்துவிடுவதும் இதனால்தான்.

அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 58க்கு 72 வேண்டும். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள பாப்ளின் அல்லது காடா 3¼ மீட்டர் வாங்கி, 58 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி நடுவில் இணைக்கலாம். இஸ்திரியோடு அரை மணி நேரம். பிறகு மூன்றையும் அடுக்க வேண்டும். நம் கடலோரத்தில் தரை எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும், டேப் பிடிக்காது. ஆகவே காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி அடித்துணியை விரித்து, தொய்வில்லாமல், இழுத்து நீட்டவும் செய்யாமல் ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலையும் சாத்திவிடுங்கள். அடுக்குக்குள் போன மணலை வெளியே எடுக்க வழியில்லை, ஊசி அதில் பட்டால் முனை மழுங்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள். கிட்டத்தட்ட 200 ஊக்கு வேண்டும். பழைய டப்பாவில் கிடக்கும் துரு ஏறிய ஊக்குகள் வேண்டாம். ஓர் இரவு குத்தியிருந்தாலே கறை பிடிக்கும். இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம். அவசரப்பட்டு ஊக்கைக் குறைத்தால் அடித்துணி சுருங்கி மடிந்து தைபடும், அதைப் பிரிக்க இதைவிட அதிக நேரம் போகும்.

கிட்டில் வரும் பஞ்சு ஷீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது குளிர் பிரதேசத்துக்கானது. பாம்பன், மண்டபம் பக்கம் மார்கழி வாடையில் சில ராத்திரி தவிர, அதைப் போர்த்தினால் புழுங்கும். அதற்குப் பதில் துவைத்துத் துவைத்து மெலிந்த காட்டன் புடவை வையுங்கள். 5½ மீட்டர்ப் புடவையை நீளத்தில் நாலு சம துண்டாக வெட்டி, இரண்டிரண்டாக ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏற்றி இணைத்தால் இரண்டு அடுக்கு கிடைக்கும். நேரமும் மிச்சம். சாதாரண வீட்டு மிஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே சுமார் 7 அங்குல இடம்தான். நடுக்கோடு தைக்கும்போது போர்வையின் பாதி அந்தச் சந்துக்குள் சுருட்டிக்கொண்டு போயாக வேண்டும். பஞ்சு ஷீட் என்றால் அது திணறும், புடவை என்றால் வழுக்கிக்கொண்டு போகும். பஞ்சு ஷீட்டைத்தான் போடுவேன் என்பவர்கள், அடுக்கிய பிறகு சூடான இஸ்திரியை அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் குயில்ட் தையலுக்கு 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 முதல் 3½ மில்லிமீட்டர். இரண்டு பட்டைக்கு ஒரு கோடு, 16 கோடு, மொத்தம் 800 அங்குலம். சரியாக இணைப்பின் மேலேயே ஓட்டப் பார்க்காமல் ¼ அங்குலம் தள்ளித் தைத்தால் கோணல் தெரியாது. நடுக்கோட்டில் ஆரம்பித்து வெளிப்பக்கம் போங்கள், எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றித் தைத்தால் கோடுகளுக்கு நடுவில் துணி சாய்வாகச் சுருக்கம் விழும். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே சீராக நகர்த்தும் மிஷின் பாதம்) இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தினால் மேல்துணி தள்ளிக்கொண்டு போவது குறையும். மிஷினுக்கு இடப்பக்கம் ஒரு பெஞ்சு போட்டுப் போர்வையின் பாரத்தை அதில் ஏற்றுங்கள். பாரம் கீழே தொங்கினால் ஊசி வளைந்து ஒடியும். மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

ஓரம் கட்டுவதை இரண்டு பக்கமும் மிஷினிலேயே முடித்தால் ஒன்றரை மணி நேரம். பின்பக்கத்தைக் கையால் தைத்தால் அழகாக இருக்கும், ஆனால் 228 அங்குலச் சுற்றளவுக்கு அதற்கு மட்டுமே நாலு மணி நேரம் கூடும். தினசரிப் போர்வைக்கு மிஷின் தையலே போதும், துவைப்பையும் அதுதான் தாங்கும்.

முதல் துவைப்புக்கு போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம். சோப்பு நுரைக்காமல் திட்டுத் திட்டாகத் துணியில் தங்கிவிடும். குடிக்கப் பிடிக்கும் காவிரித் தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போடுங்கள்.

நேர் வெட்டு கைவராதவர்கள், நிறம் தேர்ந்தெடுக்கத் தயங்குபவர்கள் இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். தையல் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. கட்பீஸ் துணியில் இதே பட்டைகளை வெட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். வாங்கினால் மூன்று மாலைப் பொழுதாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் மேல்துணி, இரண்டாம் நாள் அடித்துணியும் அடுக்கி ஊக்குக் குத்துவதும், மூன்றாம் நாள் குயில்ட் தையலும் ஓரமும். மூன்றாம் நாளுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அதை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.