விடப்போகும் மீனை எப்படிப் படம் எடுப்பது? கண்மாய்க் கரையிலும் உறைந்த ஏரியிலும்

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு முன் ஒரு படம் வேண்டுமென்றால் வழி மூன்று: தரையில் கிடத்தி எடுக்கலாம், கையில் தூக்கி எடுக்கலாம், தண்ணீரிலேயே வைத்து எடுக்கலாம். மாடக்குளம் கண்மாயில் தூண்டில் பழகிய என் தங்கை மகன் இப்போது கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறான். "மாமா, இங்க மைனஸ் இருபது. மீனை எப்படிப் பிடிச்சு போட்டோ எடுக்குறது?" என்று கேட்டான். அதனால் இரண்டு ஊருக்கும் சேர்த்தே பார்ப்போம்.

தரையில் கிடத்துவது எங்கேயும் வேண்டாம். இங்கே சித்திரை வெயிலில் கரைக்கல் கொதிக்கும், மண் ஒட்டும். அங்கே பனி, மீன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், கண்ணையும் கெடுக்கும். அந்த வழவழப்புதான் மீனுக்கு நோய் வராமல் காக்கிறது.

கையில் தூக்கினால் படம் அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் விரிந்து நிற்கிற செவுள் இழைகள், காற்றுக்கு வந்ததும் நனைந்த புத்தகத் தாள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கனடாவில் 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓட விட்டுக் களைப்பாக்கிய வானவில் டிரவுட் மீன்களை 60 நொடி காற்றில் வைத்தார்கள். 12 மணி நேரத்துக்குப் பிறகு பிழைத்திருந்தவை 28 சதவீதம்தான். 30 நொடி வைத்தவற்றில் 62, காற்றில் வைக்காதவற்றில் 88.

நம்மூரில் பலருக்கு விராலைப் பார்த்துத் துணிச்சல் வந்துவிடுகிறது. விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். சந்தைக்கு வந்த பிறகும் துள்ளும். கட்லாவும் ரோகுவும் அப்படியில்லை. அதுவும் 30 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் அது பதினான்கைத் தாண்டும். மூச்சு விஷயத்தில் அங்கத்திய மீனுக்கு வசதி அதிகம். ஆனால் மைனஸ் இருபதில் ஈரமான செவுளே உறைந்துபோகும். ஆக, அங்கேயும் தூக்கி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மிச்சம் மூன்றாவது வழி. வைகை அணைப் பக்கமானாலும் கண்மாயானாலும் ரப்பர் வலைக்குள் மீனைத் தண்ணீரிலேயே வைத்து, தூண்டில் முள்ளைக் குறடால் கழற்றி, மேலிருந்து எடுத்துவிடலாம். முடிச்சுப் போட்ட நைலான் வலை செதிலையும் துடுப்பையும் கிழிக்கும். உறைந்த ஏரியில் தூண்டில் இறக்கப் பனியில் போட்ட ஓட்டைக்குள் வலை விரிக்க இடம் இருக்காது. அங்கே ஹீட்டர் வைத்த கூடாரத்துக்குள் உட்கார்ந்து, போன் தயாராகும்வரை மீனை ஓட்டைத் தண்ணீரிலேயே பிடித்திருந்து, ஒரு நொடி தூக்கி, தலை முதலில் போகும்படி உள்ளே விட்டுவிட வேண்டும்.

கையுறை? கம்பளிக் கையுறை வழவழப்பைத் துடைத்துவிடும். ஈரமாக்கிய வெறுங்கைதான் சரி. மீனை விட்டதும் கையைத் துடைக்க உலர்ந்த துண்டு ஒன்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். போனையும் அங்கேயே வைக்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். மீனைத் தூக்குவதற்கு முன்பே வீடியோவை ஓடவிட்டால், அப்புறம் அதிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.