எட்டா, நாலா, ஜீரோவா: கார் ஆம்புக்கு எந்த கேபிள்?

கொலுசுக்குப் பேர்போன ஊர் நம் சேலம். முலாமா, முழு வெள்ளியா என்று பார்க்காமல் இங்கே யாரும் காசை வெளியில் எடுக்க மாட்டார்கள். ஆனால் காரில் பாட்டைப் பெருக்கும் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) பவர் கேபிள் வாங்கும்போது மட்டும் அட்டையில் ‘4 கேஜ்’ என்று தடிமன் எண் போட்டிருந்தால் நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு கேபிள் கிட்டை வாங்கி மாட்டினேன். அஸ்தம்பட்டி வரை நன்றாகப் பாடிய 500 வாட்ஸ் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), ஏற்காடு ஏறும்போது கரகரத்தது. இரவு, பனிமூட்டம், ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடுகின்றன. கொண்டை ஊசி வளைவில் வண்டி மெதுவாகும் ஒவ்வொரு முறையும் பேஸ் உடைந்தது. மறுநாள் பாட்டை ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 13.4 வோல்ட், ஆம்பில் 11.9. நடுவில் ஒன்றரை வோல்ட் காணோம்.

முதலில் கணக்கு. 500 வாட்ஸ் ‘கிளாஸ் டி’ வகை ஆம்ப் முழு வேகத்தில் சுமார் 625 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். பானெட்டிலிருந்து டிக்கி வரை கேபிள் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சுத்தமான செம்பில் 8 கேஜ் போட்டால் வழியிலேயே 0.46 வோல்ட் போய்விடும். 4 கேஜில் 0.18. ஜீரோ கேஜில் 0.07. எண் குறையக் குறைய கேபிள் தடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாலு ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் வீதம் கொடுக்கும் சின்ன ஆம்ப் என்றால் 25 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். அதற்கு 8 கேஜ் செம்பே தாராளம்.

ஜீரோ கேஜ் 53 சதுர மி.மீ. குறுக்களவு. 500 வாட்ஸ் ஆம்பின் டெர்மினலில் பெரும்பாலும் நுழையாது, நாலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் காதில் விழவும் விழாது. 1500 வாட்ஸுக்கு மேல் போகிறவர்கள் வாங்கட்டும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினில் ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை. பல சின்ன கார்களில் அதுவே 100 ஆம்பியருக்குள்தான்.

உண்மையான போட்டி 4 கேஜுக்குள்ளேயே நடக்கிறது: செம்பா, சிசிஏ என்கிற செம்பு முலாம் பூசிய அலுமினியமா? ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அளவு குறையாத 4 கேஜ் சிசிஏவில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள்தான், 8 கேஜ் செம்பைவிட அது மேல். ஆனால் அந்த அளவு உள்ளே இருப்பதில்லை என்பதுதான் சங்கடம். என் கேபிளை உரித்தபோது தடித்த உறைக்குள் இழைக்கட்டு சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. 4 கேஜ் என்றால் உறை நீங்கலாக சுமார் 6 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். அப்புறம், அலுமினியம் மெத்து. திருகுக்கு அடியில் நசுங்கி நாளாவட்டத்தில் தளரும். மலைப்பனியின் ஈரம் பட்டால் முனை பூத்துப்போகும். தளர்ந்த முனைதான் சூடாகும்.

கடையிலேயே ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, என் ஓட்டு அதற்குத்தான்: 25 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள். 4 கேஜ் என்பது 21 சதுர மி.மீ.தான். வெல்டிங் கேபிளில் இழைகள் மெல்லியவை, நன்றாக வளையும். சூடும் எண்ணெயும் தாங்கும் உறை உள்ளதாகக் கேளுங்கள். பளபளப்பு கிடையாது, அவ்வளவுதான். இதிலும் அலுமினியம் வருகிறது, எனவே இங்கேயும் சுரண்டல் சோதனை வேண்டும்.

எதை வாங்கினாலும் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, கேபிளை. 4 கேஜ் செம்புக்கு 100 ஆம்பியர், எட்டுக்கு 50 போதும். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் கேபிளை நுழைக்காதீர்கள். உரசி உறை கிழிந்தால் தீ.

ஆம்பிலிருந்து வண்டியின் தகட்டுக்குப் போகும் எர்த் கேபிளும் அதே தடிமனில் இருக்க வேண்டும். என் வண்டியில் அதைப் பெயிண்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். போன வோல்ட்டில் பாதி அங்கேதான் போயிருந்தது. பெயிண்டைத் தேய்த்து, வெற்றுத் தகட்டில் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, 25 சதுர மி.மீ. செம்பை இழுத்த பிறகு அதே பாட்டுக்கு ஆம்பில் 13.1.